மலைக்கு மலை மாறும் சிரிப்பு

சென்னையிலிருந்து மேற்குக் கடற்கரைக்கு 1862-ஆம் ஆண்டிலேயே ரயில் போய்ச் சேர்ந்தது என்றால், அதற்கான நன்றியை எஞ்சினீயர்களுக்குச் சொல்வதற்கு முன் பாலக்காட்டுக் கணவாய்க்குச் சொல்ல வேண்டும். வடக்கே நீலகிரி, தெற்கே ஆனைமலை என்று இரண்டாயிரம் மீட்டருக்கு மேல் எழுந்து நிற்கும் மலைத்தொடர், அந்த இடத்தில் ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர் அகலத்துக்கு விட்டுப்போய், கடல் மட்டத்திலிருந்து சுமார் 140 மீட்டர் உயரத்துக்கு இறங்கி விடுகிறது. நிலம் அளந்தவர்களுக்கு அது கடவுள் வெட்டி வைத்த கட்டிங். ரயில்வேயில் பர்மனென்ட் வே பிரிவில் காலம் கழித்த எனக்கும் கணவாய் என்றால் அதுதான் பொருள்: செலவில்லாமல் கிடைத்த வழி.

அதே கணவாய் ஒரு சின்னப் பறவைக்குக் கடலாக இருக்கிறது என்பதை நான் ஓய்வு பெற்ற பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். படித்ததைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்ற ஆசையில், 2023 மார்ச் மாதம் பைனாகுலரும் ஒரு பையுமாகத் தனியே நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் போய் வந்தேன். அங்கே பார்த்ததையும் அதன் காரணத்தையும் நம் சங்கத்து அன்பர்களுக்கு என்னால் முடிந்தவரை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் சோலை என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். நாம் பேச்சில் சோலை என்று எந்தத் தோப்பையும் சொல்வோம். மலையியலில் அதற்குக் குறிப்பான பொருள் உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலையில் ஏறக்குறைய 1,400 மீட்டருக்கு மேல், மடிப்புகளிலும் ஓடைக் கரைகளிலும் மட்டும் அடர்ந்து நிற்கும் குட்டையான பசுங்காடு அது. மேட்டுப் பகுதி புல்வெளியாக இருக்கும். பள்ளத்தில் சோலை ஒளிந்திருக்கும். கிளைகளில் பாசி தாடி தாடியாய்த் தொங்கும். உள்ளே நடுப்பகலிலும் மங்கல்தான். அந்தத் தமிழ்ச் சொல்லே இன்று உலகமெங்கும் விஞ்ஞானிகள் எழுதும் சொல்லாகிவிட்டது. அது ஒரு பறவை இனத்தின் லத்தீன் பெயருக்குள்ளும் போய் உட்கார்ந்துவிட்ட கதையைப் பின்னால் சொல்கிறேன்.

நம் திருமுல்கேரியில் பறவைகளுக்குக் குறைவில்லை. கண்டோன்மெண்ட் மரங்களில் குக்குறுவானும் மாங்குயிலும் காலை முழுக்கக் கத்துகின்றன. மதராஸ் பட்டாளத்தோடு வந்து குடியேறிய பழைய தமிழ்க் குடும்பங்களைப் போலவே அவையும் இந்த மரங்களை விடுவதாயில்லை. ஹைதராபாதுக்குப் பறவையியலில் பெரிய பெயரும் உண்டு. 1931-32-இல் நிஜாம் அரசின் ஆதரவில் சலீம் அலி ஹைதராபாத் சமஸ்தானம் முழுதும் சுற்றிப் பறவைகளைக் கணக்கெடுத்தார். ஆனால் இங்கே நாம் பார்க்கும் பறவைகள் பெரும்பாலும் சென்னையிலும் உண்டு, நாகபுரியிலும் உண்டு. தக்காணம் சமதளம், பறவை தடையின்றிப் போய்வருகிறது. மலையுச்சிப் பறவையின் நிலை வேறு.

செகந்திராபாத்தில் சபரி எக்ஸ்பிரஸ் ஏறினால் மறுநாள் கோயம்புத்தூர். மேட்டுப்பாளையத்திலிருந்து மலை ரயிலில் போனேன். 46 கிலோமீட்டர் பாதை. 208 வளைவுகள், 16 குகைகள். கல்லாறு முதல் குன்னூர் வரை 12.28-க்கு ஒன்று என்ற ஏற்றம். அந்த ஏற்றத்தில் சக்கரம் தண்டவாளத்தைப் பிடிக்காது என்பதால், நடுவில் இரட்டைப் பல்சட்டம் பதித்து, எஞ்சினின் பல்சக்கரம் அதைக் கவ்வி ஏறும்படி அமைத்திருக்கிறார்கள். குன்னூர் வரை 1899-இலும் உதகை வரை 1908-இலும் திறந்தார்கள். இதைப் பற்றி எழுத ஆரம்பித்தால் பறவைக்கு இடம் இருக்காது. ஆகவே குன்னூரில் இறங்கி, பஸ்ஸில் கோத்தகிரிக்குப் போனேன் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

கோத்தகிரிக்கு அருகில் லாங்வுட் சோலை இருக்கிறது. மொத்தமே 116 ஹெக்டேர். சுற்றிலும் தேயிலை. இந்தச் சிறு காடுதான் பக்கத்து ஊர்களுக்குத் தண்ணீர் தருகிறது. வாசலில் அனுமதி பெற்றுக்கொண்டபோது அங்கிருந்த காவலர், "ஐயா, தனியா உள்ளே ரொம்பத் தூரம் போகாதீங்க. மாடு நிக்குது" என்றார். மாடு என்று அவர்கள் சொல்வது காட்டுமாட்டை. ஒரு டன் எடை சர்வசாதாரணம். நான் தடத்தைவிட்டு விலகவில்லை. வீட்டில் என் இல்லாளுக்கு அப்படித்தான் வாக்குக் கொடுத்திருந்தேன். காலையும் மாலையும் போனில் கூப்பிடுவதாகவும்.

ஏன் தனியாகப் போக வேண்டும் என்று பலரும் கேட்டார்கள். சோலைக்குள் நடந்து போய்ப் பறவை தேடுவது நடக்காத காரியம். வெளிச்சம் இல்லை; இலை அடர்த்தி; பறவைக்கோ காது கூர்மை. ஓரிடத்தில் அசையாமல் இருபது நிமிஷம் நிற்க வேண்டும். நாலு பேர் சேர்ந்தால் யாராவது ஒருவர் இருமுவார், ஒருவர் டிபன் எத்தனை மணிக்கு என்பார். லெவல் கருவி வைத்து அளக்கும்போது கூட்டத்தை விலகச் சொல்வோமே, அதே நியாயம்தான்.

முதலில் வந்தது கருப்பும் ஆரஞ்சும் கலந்த ஈப்பிடிப்பான். சிட்டுக்குருவியைவிடச் சிறியது. தரையிலிருந்து முழங்கால் உயரத்தில் வந்து உட்கார்ந்து என்னை ஒரு பொருட்டாகவே மதிக்கவில்லை. அடுத்துச் சோலையின் விளிம்பில், தேயிலைப் பக்கமாக, ஒரு பெரிய ரகளை கேட்டது. நாலைந்து பேர் ஒரே சமயத்தில் கெக்கெக்கென்று சிரித்தாற்போல. அதுதான் நீலகிரிச் சிரிப்பான். சாம்பல் கலந்த கருந்தலை, கண்ணுக்கு மேலே பளிச்சென்று வெள்ளைப் புருவம், மார்பும் வயிறும் செங்காவி. ராணுவ மருத்துவராக மதராஸ் ராஜதானியில் இருந்த ஜெர்டன் 1839-இல் இதை விவரித்து, வாய்விட்டுச் சிரிப்பது என்ற பொருள்படும் லத்தீன் சொல்லையே பெயராக வைத்தார். சரியான பெயர். கூட்டமாய்ப் புதருக்குள் புகுந்து, தவிட்டுப் பழத்தைப் பறித்துத் தின்றுகொண்டே சிரிக்கின்றன.

மாலையில், ஓடைக்கு அருகே, நீலகிரி சோலைக்கிளியைப் பார்த்தேன். பெயரைக் கேட்டுப் பச்சைக்கிளி என்று நினைக்க வேண்டாம். மலையாளத்தில் கிளி என்றால் பொதுவாகப் பறவை. அந்த வழியில் வந்த பெயர் இது. கருநீல முதுகும் மார்பும், பக்கங்களில் செம்மையும் கொண்ட, நெடிய கால்களால் தரையில் தத்தும் சிறு பறவை. இருட்டிலிருந்து வந்தது, இருட்டுக்குள் போய்விட்டது. மொத்தம் ஒரு நிமிஷம் இருக்கும்.

இரண்டு நாள் கழித்துக் கீழே இறங்கி, கோயம்புத்தூர், பொள்ளாச்சி, பழனி வழியாகக் கொடைக்கானல் போனேன். பொள்ளாச்சிச் சமவெளி என்பது பாலக்காட்டுக் கணவாயின் கிழக்கு வாய். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வேர்வையைத் துடைத்துக்கொண்டே ஒரு கணக்குப் போட்டேன். ஆயிரம் மீட்டர் ஏறினால் சராசரியாக ஆறரை டிகிரி வெப்பம் குறையும். கோத்தகிரியும் கோயம்புத்தூரும் உயரத்தில் சுமார் 1,400 மீட்டர் வித்தியாசம். அதாவது ஒன்பது டிகிரி. நிழலும் ஈரமும் இல்லாமல் வாழத் தெரியாத, குட்டையான உருண்டைச் சிறகு படைத்த பறவைக்கு இந்த ஒன்பது டிகிரியும் இந்த வெட்டவெளியும் சேர்ந்தால் போதும். கழுகு தாண்டிவிடும், புறா தாண்டிவிடும். புதரிலிருந்து புதருக்கு மட்டுமே பறக்கும் சிரிப்பான் தாண்டாது.

கொடைக்கானலில் பாம்பே சோலை ஊரை ஒட்டியே இருக்கிறது. அங்கே கேட்ட சிரிப்பு வேறு மாதிரி இருந்தது. பறவையும் வேறு. புருவம் நீண்டு கண்ணுக்குப் பின்னாலும் போகிறது. மார்பு செங்காவி இல்லை, சாம்பல் நிறத்தில் கோடு கோடாக. வயிற்றில் மட்டும் சிவப்பு. இதற்குப் பழனிச் சிரிப்பான் என்று பெயர். பழனி மலையில் பறவைகள் சேகரித்த அமெரிக்கப் பாதிரியார் ஃபேர்பாங்க் என்பவரின் பெயர் இதற்கு 1869-இல் சூட்டப்பட்டது. சோலைக்கிளியும் இங்கே மாறிவிடுகிறது. பக்கங்களில் இருந்த செம்மை போய், வெள்ளை வயிற்றுடன் இருக்கிறது. காகம் பறக்கும் தூரத்தில் கோத்தகிரிக்கும் கொடைக்கானலுக்கும் 150 கிலோமீட்டர்கூட வராது.

கதை இத்துடன் முடியவில்லை. பழனி, ஆனைமலை, ஏலமலைக் கூட்டத்துக்குத் தெற்கே செங்கோட்டைக் கணவாய் இருக்கிறது. அகலம் பத்துக் கிலோமீட்டர்கூட இல்லை. அதைத் தாண்டி அகத்தியமலைப் பகுதிக்குப் போனால், புருவம் குட்டையான இன்னொரு சிரிப்பான், இன்னொரு சோலைக்கிளி. அந்தக் கணவாய் வழியாகவும் ரயில் போகிறது! 1904-இல் மீட்டர் கேஜாகத் திறந்த கொல்லம் - செங்கோட்டைப் பாதை. பதின்மூன்று கண் பாலமும் மலைக்குகைகளும் உள்ளது. அகலப்பாதையாகி 2018-இல் மறுபடி ஓட ஆரம்பித்தது. ஆக, ரயில் எங்கெங்கே மலையைச் சுலபமாகக் கடந்ததோ, அங்கங்கே பறவை பிரிந்து நிற்கிறது. வாழ்நாள் முழுக்க ரயில்வே வரைபடத்தைப் பார்த்தவனுக்கு இது தந்த வியப்பைச் சொல்லி முடியாது. பிரித்தது ரயில் அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். பிரிவு நடந்து பல லட்சம் ஆண்டுகள் ஆகின்றன. நாம் 1862-இல்தான் அந்தப் பள்ளத்தில் தண்டவாளம் போட்டோம்.

இந்தச் சிரிப்பான்கள் எங்கிருந்து வந்தன? இங்கேதான் சீனா வருகிறது. சிரிப்பான் குடும்பத்தின் பெரிய வீடு இமயமலையின் கிழக்குப் பகுதியும் தென் சீன மலைகளும். யுன்னான், சிச்சுவான், குவாங்சி மாகாணங்களில் மலைக்கு ஒரு வகை என்று சொல்லும் அளவுக்குப் பெருகிக் கிடக்கின்றன. உலகெங்கிலுமிருந்து பறவைப் பிரியர்கள் அங்கே போவதே இதற்காகத்தான். சுண்ணாம்புப் பாறைக் குன்றுகள் நிறைந்த குவாங்சியில், 2008-இல்கூட நோங்காங் சிலம்பன் என்ற புதிய பறவை விவரிக்கப்பட்டது. சீனர்கள் சிரிப்பான் வகையில் ஒன்றான ஹுவாமெய்யை அதன் பாட்டுக்காக மூங்கில் கூண்டில் வளர்ப்பார்கள். வாணிபம் மிகுந்துபோய், 2000-ஆம் ஆண்டில் அதைச் சர்வதேசக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவர வேண்டியதாயிற்று.

அவர்களுடைய நீலமுடிச் சிரிப்பானின் கதை நம் கோயில் காடுகளை நினைவூட்டும். காணாமலே போய்விட்டது என்று கருதப்பட்டது, 2000-இல் ஜியாங்சி மாகாணத்து வுயுவான் பகுதியில் மறுபடி அகப்பட்டது. எங்கே? நடுக்காட்டில் அல்ல. கிராமங்களின் ஓரத்தில், ஊருக்கு நல்லது என்று முன்னோர் வெட்டாமல் விட்டு வைத்த பழைய கற்பூர மரத் தோப்புகளில். உலகத்தில் சில நூறு பறவைகளே மிச்சம்.

நம் நீலகிரியில் இருக்கும் காட்டுப்பூவரசு இமயமலையிலும் உண்டு. சிரிப்பான் தின்னும் அந்தத் தவிட்டுப் பழச் செடி தென் சீனாவிலும் உண்டு. இடையில் இரண்டாயிரம் கிலோமீட்டர் வறண்ட தரை. எப்படி வந்தன? மீனியல் அறிஞர் சுந்தர் லால் ஹோரா 1940-களில் ஒரு விளக்கம் சொன்னார். காலநிலை குளிர்ந்து ஈரமாயிருந்த பழங்காலத்தில் அஸ்ஸாம் பக்கத்து உயிரினங்கள் விந்திய சாத்பூரா மலைகள் வழியாக மேற்கே வந்து, பிறகு மேற்குத் தொடர்ச்சி மலையில் தெற்கே இறங்கின என்பது அவர் கருத்து. ரயில்வே மொழியில் சொன்னால் சாத்பூரா ஒரு இணைப்புப் பாதை. பிற்பாடு அதில் தண்டவாளத்தைப் பிடுங்கிவிட்டார்கள். சலீம் அலியும் பறவைகளை வைத்து இதை ஆதரித்தார்.

அழகான விளக்கம். எனக்கும் பிடித்தது. ஆனால் எல்லாவற்றுக்கும் பொருந்தவில்லை. நம் சோலைக்கிளியை நெடுங்காலம் இமயமலை, சீன மலைகளில் உள்ள குறுஞ்சிறகன் என்ற பறவையின் தம்பியாகக் கருதிவந்தார்கள். இரண்டும் கருநீலம், இரண்டும் இருட்டில் தரையில் தத்துபவை. வி.வி. ராபின், உமா ராமகிருஷ்ணன், வயநாட்டைச் சேர்ந்த சி.கே. விஷ்ணுதாஸ் முதலியோர் மலை மலையாக ஏறி, மெல்லிய வலையில் பறவைகளைப் பிடித்து, ஒரு சொட்டு ரத்தம் எடுத்துக்கொண்டு பறக்கவிட்டு, மரபணுவை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ராபின் பின்னர் நம் பக்கத்துத் திருப்பதி ஐசரில் சேர்ந்தவர். 2017-இல் வெளிவந்த முடிவு: சோலைக்கிளி குறுஞ்சிறகனுக்கு உறவே இல்லை, அது ஈப்பிடிப்பான் கூட்டத்துக்குப் பக்கத்தில் தனியாக நிற்கும் ஒரு பேரினம். ஒரே மாதிரி இருட்டில் ஒரே மாதிரி பிழைப்பு நடத்தியதால் ஒரே மாதிரி உருவம். ரயில் பெட்டியின் வண்ணத்தைப் பார்த்து ஐசிஎஃப் பெட்டியா எல்ஹெச்பி பெட்டியா என்று சொல்ல முடியாது. குனிந்து போகியைப் பார்க்க வேண்டும். மரபணு என்பது அந்தப் போகி. வரையாட்டுக்கும் இதுவே நடந்தது. இமயமலை தார் ஆட்டின் சகோதரன் என்று நூறாண்டுக்கு மேல் எழுதியிருந்தார்கள். 2005-இல் பார்த்தால் அது செம்மறிக்கு நெருக்கம்.

சோலைக்கிளிகளுக்கு அவர்கள் வைத்த புதிய பேரினப் பெயர் ஷோலிகோலா. சோலையில் வசிப்பது என்று பொருள். தமிழன் எங்கே போனாலும் ஒரு சங்கம் வைப்பான் என்பார்கள். தமிழ்ச் சொல் லத்தீனுக்குள் போய்க் குடியேறியதை நம் சங்க இதழில் பதிவு செய்வதில் தவறில்லை. சிரிப்பான்களுக்கும் மாண்டிசிங்க்லா என்று தனிப் பேரினம் கிடைத்தது. அகத்தியமலைச் சோலைக்கிளி அதே ஆண்டில்தான் தனி இனமாக விவரிக்கப்பட்டது.

பெயர் மாறினால் பறவைக்கு என்ன லாபம் என்று கேட்கலாம். லாபம் உண்டு. நாலு மலையிலும் இருப்பது ஒரே பறவை என்று கணக்கில் இருந்தால், ஒரு மலையில் அது அழிந்தாலும் மற்ற மூன்றில் இருக்கிறதே என்று கோப்பை மூடிவிடலாம். நாலும் வெவ்வேறு என்றால், ஒரு மலையின் காடு போனால் உலகத்திலிருந்தே ஒரு இனம் போயிற்று. அணைக்கட்டோ சாலையோ ரிசார்ட்டோ வரும்போது அதிகாரியின் மேஜையில் எந்தக் கணக்கு இருக்கிறது என்பதுதான் விஷயம். நானும் கோப்புகளோடு வாழ்ந்தவன். பட்டியலில் இல்லாத பாலத்துக்குப் பெயிண்ட் அடிக்கமாட்டார்கள்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. வெப்பம் ஒரு டிகிரி கூடினால், பழைய குளிர்ச்சியைத் தேடிப் பறவை சுமார் 150 மீட்டர் மேலே ஏற வேண்டும். இமயமலைப் பறவைக்கு மேலே இடமிருக்கிறது. நீலகிரியின் உச்சியான தொட்டபெட்டா 2,637 மீட்டர். அதற்கு மேலே ஆகாயம். அகத்தியமலை 1,868 மீட்டரோடு முடிந்துவிடுகிறது. கூம்பின் மேலே போகப் போகப் பரப்பும் சுருங்கும் என்பதைப் பள்ளிக்கூடத்துக் கணிதமே சொல்லும். மிச்சமிருக்கும் பரப்பிலும் தேயிலை ஒரு பங்கு, வெள்ளைக்காரர் காலத்தில் ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவந்த சீகை மரமும் யூகலிப்டஸும் ஒரு பங்கு. சீகை மரம் புல்வெளியை மூடிவிட்டதைக் கொடைக்கானலுக்கு மேலே போகும் எவரும் பார்க்கலாம். இதில் ஒரு நியாயமும் சொல்ல வேண்டும்: பழைய சீகைத் தோப்புகளின் நிழலில் சில இடங்களில் சோலைச் செடிகள் திரும்ப முளைக்கின்றன. ஆகவே எல்லாவற்றையும் ஒரே வெட்டாக வெட்டிவிட்டால் சரியாகிவிடும் என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

போக விரும்பும் அன்பர்களுக்குச் சில வார்த்தைகள். டிசம்பர் முதல் மார்ச் வரை நல்ல காலம். மார்ச்சில் பாட்டும் கேட்கும். எட்டு மடங்கு பெரிதாக்கும் பைனாகுலர் போதும். அதற்கு மேல் கை நடுக்கமும் பெரிதாகத் தெரியும். சிவப்பு, வெள்ளைச் சட்டை வேண்டாம். போனில் பறவையின் குரலைப் போட்டு அதை வெளியே இழுக்கும் பழக்கம் பரவியிருக்கிறது. குஞ்சுகளுக்கு இரை தேட வேண்டிய நேரத்தில் பறவை இல்லாத எதிரியோடு சண்டைக்கு வந்து நிற்கும். தயவுசெய்து வேண்டாம். காப்புக்காட்டுக்குள் அனுமதியின்றி நுழையக்கூடாது. அறுபதைத் தாண்டியவர்கள் முதல் நாள் மலை ஏறியதும் ஓய்வெடுத்துவிட்டு மறுநாள் நடப்பது நலம்.

நாலாவது சிரிப்பான் எனக்கு இன்னும் பாக்கி. அது வயநாட்டுப் பாணாசுர மலையிலும் பக்கத்துச் சில முடிகளிலும் மட்டுமே உள்ளது. அழியும் ஆபத்தில் உள்ளவை என்ற சர்வதேசப் பட்டியலில் இருக்கிறது. நீலகிரியிலிருந்து அதைப் பிரிப்பது சாலியாற்றின் பள்ளத்தாக்கு. சாலியாற்றங்கரையில்தான் நிலம்பூர் இருக்கிறது. ஷொரணூரிலிருந்து 1927-இல் போட்ட கிளைப்பாதை அங்கே வந்து நின்றுவிடுகிறது. அதற்கு மேல் பஸ்.